புளித்த குருகு, புளிக்காத குருகு

சம்புப் புல்லுக்குள் ஒரு பறவை அலகை வானத்துக்கு நிமிர்த்தி, கழுத்தை நீட்டி, அசையாமல் நிற்கிறது. பத்தடி தள்ளி வரப்பில் என் அக்காவின் கணவர், வெள்ளைக் கால்சட்டையும் முழங்கால் வரை இழுத்துவிட்ட காலுறையுமாக, அவரும் கழுத்தை நீட்டி அசையாமல் நிற்கிறார். காலை ஆறு மணி. இருவரில் யார் முதலில் அசைவது என்று போட்டி நடப்பதுபோல் இருந்தது. அசைந்தவன் நான். காலில் அட்டை கடித்துவிட்டது. பறவை புல்லுக்குள் ஓரடி இறங்கி மறைந்துபோனது. அத்தான் திரும்பிப் பார்த்து, "பத்திரிகைக்காரருக்கு ரெண்டு நிமிசம் சும்மா நிக்க முடியாதா மச்சான்?" என்றார்.

அது தொண்ணூற்றாறாம் ஆண்டு. நான் இரத்தினபுரியில் ஒரு தமிழ்ப் பத்திரிகையின் பிரதேச நிருபராக இருந்தேன். அக்கா வாழ்க்கைப்பட்டிருந்தது நிவித்திகலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில். அத்தான் அங்கே டீமேக்கர். தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் ஆட்கள் ஸ்டோர் என்பார்கள். கொழுந்து ஸ்டோருக்குள் வந்து இறங்குவதிலிருந்து தூளாகி லொறி ஏறும்வரை எல்லாம் அவர் பொறுப்பு. அதிகாலையில் ஒரு சுற்று வேலை முடிந்ததும், வீட்டுக்குப் போகும் வழியை விட்டு விலகி, கீழே வயல்வெளிக்கு இறங்கிவிடுவார். சனிக்கிழமைகளில் நான் போயிருந்தால் என்னையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போவார்.

அந்த வயல்வெளியில் மாணிக்கக் கல் தோண்டிவிட்டு மூடாமல் போன குழிகள் நாலைந்து இருந்தன. மழை அவற்றை நிரப்பியது. சம்பும் கோரையும் விளிம்பிலிருந்து நடுவரை வளர்ந்து அடைத்துக்கொண்டன. அதில்தான் அந்தச் சின்னக் கொக்குகள் இருந்தன. மடையானைவிடச் சிறியவை. ஒன்று காய்ந்த வைக்கோலின் மஞ்சள், உச்சந்தலையில் மட்டும் கறுப்புத் தொப்பி. மற்றது தலையிலிருந்து வால்வரை புதிதாக விளக்கிய செப்புப் பாத்திரத்தின் சிவப்பு. அளவு ஒன்று, கால்களின் பச்சை கலந்த மஞ்சள் ஒன்று, ஒரு காலை ஒரு தண்டிலும் மறு காலை அடுத்த தண்டிலும் வைத்துக் கால் அகட்டித் தொங்கும் வித்தையும் ஒன்று. ஆள் வந்தால் அலகை உயர்த்திப் புல்லோடு புல்லாக நிற்பதும் அப்படியே. இவை தவிர மார்பெல்லாம் பழுப்புக் கோடு விழுந்த சில பறவைகளும் இருந்தன. பெட்டைகளும் இளம் பறவைகளும் அப்படித்தான் இருக்கும் என்று பிற்பாடு தெரிந்துகொண்டோம். அவற்றை மஞ்சளில் சேர்ப்பதா சிவப்பில் சேர்ப்பதா என்று அப்போது எங்களால் சொல்ல முடியவில்லை. பார்த்ததெல்லாம் வெறுங்கண்ணால். பைனாகுலரும் குறிப்புப் புத்தகமுமாகப் புதருக்குள் எட்டிப்பார்க்கும் இரண்டு தமிழர்கள், போர் நடந்த அந்த ஆண்டுகளில், யாருக்காவது விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். குறிப்புப் புத்தகத்தை நான் சட்டைக்குள்தான் வைத்திருந்தேன்.

அத்தானின் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். உருளையில் அரைபட்ட இலையைப் பரப்பிக் காற்றுப்பட விடும்போது அதன் பச்சை மெல்ல மாறிச் செம்பு நிறம் ஏறும். இதைத்தான் புளிப்பது என்பார்கள். நிறம் சரியாக ஏறிய நிமிடத்தில் அள்ளி, இலையைக் கறுப்பாக உலர்த்தித் தள்ளும் டிரையரில் கொட்ட வேண்டும். முந்திவிட்டால் தேநீரில் பச்சை நெடி அடிக்கும். பிந்திவிட்டால் சாயம் மங்கிப்போகும். அந்த நிமிடம் எது என்று எந்த இயந்திரமும் அவருக்குச் சொன்னதில்லை. ஒரு பிடி எடுத்துக் கட்டைவிரலால் நசுக்கி, மூக்கருகே கொண்டுபோய், பிறகு கையை நீட்டிப் பார்ப்பார். இருபத்தைந்து வருடமாகப் பச்சை சிவப்பாவதைப் பார்த்தே சம்பாதித்தவர் அவர். அப்படிப்பட்டவருடைய வீட்டு வாசலுக்குக் கீழே மஞ்சளாக ஒரு கொக்கும் சிவப்பாக ஒரு கொக்கும் நின்றால் அவர் என்ன நினைப்பார்?

"மஞ்சள் புளிக்காதது மச்சான். செகப்பு புளிச்சது. கொக்கு ஒண்ணுதான்" என்றார்.

ஆதாரமும் வைத்திருந்தார். தை மாதத்தில் குழிகளில் மஞ்சள்தான் அதிகம். சித்திரை கழிந்து போய்ப் பார்த்தால் மஞ்சள் குறைந்து, அதே இடத்தில் சிவப்பு நிற்கும். இரண்டு வருடம் இப்படிப் பார்த்திருந்தார். மஞ்சள் எங்கே போயிற்று? சிவந்துவிட்டது. அக்கா இதைச் சாப்பாடு பரிமாறிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஒலகத்துல எல்லாரும் வயசானா நரைக்கிறாங்க. இவரு கொக்கு மட்டும் செவக்குதாம்" என்றாள். அத்தான் எனக்கு இன்னொரு கரண்டிக் குழம்பு ஊற்றச் சொன்னார்.

எனக்கோ அந்த வாரம் ஞாயிறு பதிப்புக்குச் செய்திப் பஞ்சம். அரைப் பத்தி எழுதி அனுப்பினேன். பறவைகளின் பெயர் தெரியாமல் கொழும்பு அலுவலகத்தில் ஒரு நண்பரைத் தொலைபேசியில் கேட்டபோது, ஒன்று மஞ்சள் குருகு, மற்றது செங்குருகு என்று சொன்னார். இரண்டு பெயர் இருந்தால் இரண்டு பறவையும் இருக்கலாமே என்று அந்த இடத்தில் எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. 'மஞ்சள் குருகு வளர்ந்தால் செங்குருகு: டீமேக்கரின் கண்டுபிடிப்பு' என்று உதவி ஆசிரியர் தலைப்புப் போட்டார். பெயர் போடாமல், 'நிவித்திகலப் பக்கத்து டீமேக்கர் ஒருவர்' என்று நான் ஜாக்கிரதையாக எழுதியிருந்தேன். அந்தப் பக்கத்தில் தமிழ் பேசும் டீமேக்கர் அவர் ஒருவர்தான்.

திங்கட்கிழமை ஸ்டோரில் பத்திரிகை கைக்குக் கை மாறிக் கிழிந்துவிட்டதாம். சல்லடையில் தூள் பிரிக்கும் பெண்களில் ஒருத்தி வேலையை நிறுத்தாமலே கேட்டாளாம்: "ஐயா, எம் மக சடங்குக்கு மஞ்ச சீல எடுத்து வச்சிருக்கேன். கட்டக் கட்ட செவந்துருங்களா?" அத்தான், "துவைக்காம கட்டச் சொல்லு" என்றாராம். இதுவரைக்கும் எல்லாம் சிரிப்புதான்.

சிரிப்பு நின்றது புதன்கிழமை. கம்பனிகள் தோட்டங்களைப் பொறுப்பேற்ற பிறகு வந்த தொரை, அதாவது தோட்ட மேலாளர், ஓர் இளைஞர். கொழும்பில் படித்தவர், நல்ல மனிதர், கணக்கில் கறாரானவர். அவர் மேசையில் ஏற்கெனவே கொழும்புத் தேயிலை ஏலத்திலிருந்து வந்த இரண்டு அறிக்கைகள் இருந்தன. எங்கள் தோட்டத்துத் தேயிலையின் சாயம் மங்கலாக இருக்கிறது, விலை போகவில்லை என்று இரண்டும் சொல்லின. காரணம் தேடிக்கொண்டிருந்த தொரைக்கு ஆபீஸ் பெரிய கிளாக்கர் என் அரைப் பத்தியைச் சிங்களத்தில் வாசித்துக் காட்டினார். மஞ்சளும் சிவப்பும் ஒன்றே என்று சொல்லும் ஓர் ஆள்தான் இலையின் நிறம் பார்க்கிறார் என்று தொரை புரிந்துகொண்டார். அத்தானைக் கூப்பிட்டு, இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் கண்ணைச் சோதித்து மாத முடிவுக்குள் கடதாசி கொண்டுவரச் சொன்னார். கண் சரியென்று வந்தாலும், அடுத்த அறிக்கையும் இப்படியே வந்தால் உதவி டீமேக்கரிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு வேறு தோட்டத்துக்குச் சின்ன வேலையில் போக வேண்டியிருக்கும் என்றார். வேலையோடு வீடும் போகும். அக்காவின் மகள் அந்த வீட்டிலிருந்துதான் பஸ் ஏறி உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை நான் போனபோது அக்கா தேநீரை என் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நானே தொடங்கினேன். அடுத்த ஞாயிறே திருத்தம் போட்டுவிடுகிறேன், நிருபர் தவறாகக் கேட்டு எழுதிவிட்டார், டீமேக்கர் அப்படிச் சொல்லவே இல்லை என்று எழுதினால் தொரைக்கும் காட்டலாம் என்றேன். அத்தான் காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"நான் சொன்னேனா இல்லியா?"

"சொன்னீங்க."

"அப்ப எப்புடி சொல்லலன்னு போடுவீங்க? நான் சொன்னது தப்பான்னே இன்னும் தெரியல. தெரியாமப் போட்டா அது ரெண்டாவது தப்பு. எந்திரிங்க, போயி பாப்போம்."

வயல்வெளியில் இன்னும் வேலை நடக்கும் ஒரு மாணிக்கக் குழிக்குக் காவல்காரர் ஒருவர் இருந்தார். வாயில் வெற்றிலையோடு ஓலைக் குடிலில் உட்கார்ந்திருக்கும் சிங்களப் பெரியவர். அத்தான் வருடக்கணக்காக அவரைக் கடந்து போயிருக்கிறார். கொக்கைப் பற்றி ஒரு தடவையும் கேட்டதில்லை. கேட்க வேண்டியவரை விட்டுவிட்டுப் பத்திரிகையில் போட்டோம் என்று நான் நினைத்துக்கொண்டேன். மஞ்சளும் சிவப்பும் ஒன்றுதானா என்று அன்றைக்குக் கேட்டார். பெரியவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். ஒரே குடும்பமா என்று பக்கத்து வீடுகள் இரண்டைப் பற்றிக் கேட்டதுபோல அவருக்கு அது பட்டிருக்க வேண்டும். "ஏக எகக், மேக எகக், மஹத்தயா" என்றார். அது ஒன்று, இது ஒன்று, ஐயா. இரண்டையுமே அவர் மெட்டி கொக்கா என்றுதான் சொன்னார், களிமண் கொக்கு. ஒன்று கஹ, மஞ்சள். மற்றது ரத்து, சிவப்பு. எப்படித் தெரியும் என்று அத்தான் சிங்களத்தில் விடாமல் கேட்டார். பறக்கவிட்டுப் பார்த்ததில்லையா என்று பெரியவர் திருப்பிக் கேட்டார்.

இல்லை. எங்கள் இரண்டு வருடக் கவனிப்பில் இருந்த ஓட்டை இதுதான். கொக்கு பயந்துவிடக் கூடாது என்று நாங்கள் அசையாமல் நின்றோம். நாங்கள் நின்றதால் கொக்கும் அசையாமல் நின்றது. மரியாதை மிகுந்த இரு தரப்பாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்ததில் ஒரு சிறகும் விரியவில்லை.

பெரியவர் எழுந்து வந்து, மூடாத குழியின் ஓரத்தில் நின்று, இரண்டு கையையும் சேர்த்து ஓங்கித் தட்டினார். பத்துப் பன்னிரண்டு அடிக்கு அப்பால் மஞ்சள் ஒன்று கிளம்பியது. கழுத்தை மடக்கிக்கொண்டு, கால் தொங்க, தாழப் பறந்து அடுத்த குழிக்குள் இறங்கியது. மொத்தம் நாலைந்து விநாடி இருக்கும். நான் பார்த்தது ஒரு மஞ்சள் அசைவு. அத்தான் கையை நீட்டியபடி நின்றார், இலை பார்க்கும்போது நீட்டுவாரே அப்படி.

"றெக்கை கறுப்பு" என்றார். "முதுகு மஞ்சள். றெக்கையில பாதிக்கு மேல கறுப்பு. வாலும் கறுப்பு."

நான் பார்க்கவில்லை என்றேன். பெரியவர் தலையை ஆட்டினார். அத்தான் சொன்னதுதான் சரி. பெரியவர் இன்னும் இரண்டு முறை தட்டினார். இரண்டாவது தட்டுக்குச் சிவப்பு எழுந்தது. இதை நானும் பார்த்தேன். விரிந்த சிறகு நுனிவரை ஒரே செம்பு; கறுப்பு ஒரு கீறல்கூட இல்லை. அத்தான் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். சிறகை மடித்து நிற்கும்போது மஞ்சளின் பின்பக்கம் தெரிந்த கறுப்பை இத்தனை நாளும் புல்லின் நிழல் என்று நினைத்திருந்தாராம். பிறகு அவர் சொன்னதுதான் தீர்ப்பு. அவருக்கு வேறு அளவுகோல் கிடையாது.

"புளிக்காத எலை கருகுமா மச்சான்? கருகினது திரும்பிச் செவக்குமா? ரெண்டும் வேற வேற. நான் சொன்னது தப்பு."

மஞ்சள் குருகுகளில் பல தை மாதத்தில் வெளியிலிருந்து வந்து போகிறவை, அதனால்தான் சித்திரையில் குறைகின்றன என்று கொழும்பு நண்பர் பிற்பாடு எழுதினார். அன்றைக்கு அந்த விளக்கம் அத்தானுக்குத் தேவைப்படவில்லை. தன் கண்ணால் கண்டு தானே கட்டியதைத் தன் கண்ணாலேயே இடித்துவிட்டிருந்தார். முகத்தில் வருத்தத்தைத் தேடினேன்; கிடைக்கவில்லை. அக்காவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் அவருடைய கவலையாகத் தெரிந்தது. எழும்போது சிவப்புக் குருகு நின்ற இடத்தில் புல்லில் சிக்கியிருந்த இறகு ஒன்றை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஸ்டோர் வழியாகத்தான் வீட்டுக்கு ஏறினோம். புளிக்கவிடும் அறையில் இலை பரப்பியிருந்தார்கள். பழக்க தோஷத்தில் உள்ளே போய் ஒரு பிடி எடுத்து நசுக்கினார், முகர்ந்தார், கையை நீட்டினார். உதட்டைப் பிதுக்கினார். மூக்கு போதும் என்கிறது, கண் இன்னும் கொஞ்சம் என்கிறது, மூன்று மாதமாக இதே கதை என்று முணுமுணுத்தார். அவர் கண்ணைத்தான் நம்பினார். இலையை இன்னும் பத்து நிமிடம் விட்டுவந்தார். நான் இறகைக் காட்டச் சொன்னேன். அக்காவின் மகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்பதைத் தவிர எனக்கு வேறு நோக்கம் இல்லை. பையிலிருந்து எடுத்தவர் அப்படியே நின்றார். வயலில் செம்பாக இருந்த இறகு அந்த அறையில் சேற்றின் நிறமாக இருந்தது.

வாசலுக்குப் போய்ப் பகல் வெளிச்சத்தில் பிடித்தார். செம்பு. உள்ளே வந்தார். சேறு. மறுபடி வாசல். நான் கூரையைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். மின்சாரச் செலவைக் குறைக்க மூன்று மாதத்துக்கு முன் பழைய குண்டு பல்புகளைக் கழற்றிவிட்டு நீல வெள்ளையாக எரியும் டியூப் லைட்டுகளைப் போட்டிருந்தார்கள். அந்த வெளிச்சத்தில் சிவப்பு முழுதாகத் தெரிவதில்லை. சிவக்கவில்லை என்று நினைத்து அவர் இலையை அதிக நேரம் விட்டார். இலை அளவுக்கு மேல் புளித்தது. கொழும்பில் சாயம் மங்கியது.

லைட்டைப் போடச் சொன்னவர் தொரைதான். இதுதான் சிக்கல். நான் உடனே போய்ச் சொல்லிவிடலாம் என்றேன். அத்தான் என்னை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு முகம் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு, தனியாகப் போனார். நடந்ததைத் திரும்பி வந்து அக்காவிடம் சொன்னார், நானும் பக்கத்திலிருந்து கேட்டேன். தொரையைப் புளிக்கவிடும் அறைக்குக் கூட்டிவந்து கையில் இறகைக் கொடுத்திருக்கிறார். லைட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்ன நிறம் என்று மட்டும் கேட்டிருக்கிறார். தொரை பழுப்பு என்றார். வாசலுக்கு வரச் சொல்லி மறுபடி கேட்டிருக்கிறார். தொரை இறகை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தாமாகவே உள்ளே போய், தாமாகவே கூரையைப் பார்த்திருக்கிறார். பிறகு தோட்டத்துத் தமிழில், "டீமேக்கர், இது ஒங்க கண்ணு டெஸ்ட்டா, என் கண்ணு டெஸ்ட்டா?" என்று கேட்டாராம்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றாள் அக்கா.

"கொக்கு டெஸ்ட்டுன்னேன்."

அக்கா அந்த வாரத்தில் முதல் முறையாகச் சிரித்தாள். பிறகுதான் அவர் மஞ்சளும் சிவப்பும் வேறு வேறு என்பதை ஒத்துக்கொண்டார். அவள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே சொல்லிவிட்டால் கொஞ்சம் குறைவாகக் கேட்க வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். கணக்குப் பிழைத்தது. அவள் கல்யாணம் நடந்த நாளிலிருந்து அவர் தீர்ப்புச் சொன்ன விஷயங்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து, இதெல்லாம் பறக்கவிட்டுப் பார்த்துச் சொன்னதா என்று இரவுச் சாப்பாடு வரை விசாரித்தாள்.

திங்கட்கிழமை அந்த அறைக்கு மட்டும் பழைய பல்புகள் திரும்பிவந்தன. கண் சோதனைக்கும் போய்வந்தார். நிறமும் தூரமும் பார்ப்பதில் குறை இல்லை, வாசிக்கக் கண்ணாடி வேண்டும் என்று கடதாசியில் இருந்தது. அடுத்த மாதம் கொழும்பிலிருந்து வந்த அறிக்கையில் சாயம் நன்றாக இருப்பதாக ஒரு வரி இருந்தது. தொரை அந்த வரியின் கீழ்க் கோடு போட்டு ஸ்டோருக்கு அனுப்பிவைத்தார். வீடு தங்கியது. மகள் பரீட்சை எழுதினாள்.

திருத்தத்தை அத்தான் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மஞ்சள் குருகும் செங்குருகும் வெவ்வேறு பறவைகள். பறக்கும்போது மஞ்சளின் சிறகில் கறுப்பு தெரியும், செங்குருகில் தெரியாது. பறப்பதைப் பார்க்காமல் சொன்னது டீமேக்கரின் தவறு, விசாரிக்காமல் எழுதியது நிருபரின் தவறு. இரண்டையும் சரியாகச் சொன்னவர் காவல்காரர். ஆசிரியர் இதை இரண்டு வரியாகச் சுருக்கி, தவறுகளை எல்லாம் வெட்டிவிட்டு, காவல்காரரையும் சேர்த்து வெட்டி, ராசிபலனுக்குக் கீழே போட்டார். அத்தானுக்கு அது பெரிய குறை. தவறு அரைப் பத்தி, திருத்தம் இரண்டு வரியா என்று என்னிடம் பல வருடம் கேட்டார். அதற்குப் பத்திரிகைத் தொழிலில் யாரிடமும் பதில் இல்லை என்று சொன்னேன்.

மேலும் ஒன்பது வருடம் டீமேக்கராக இருந்துவிட்டு ஓய்வுபெற்றார். மகள் எம்பிலிப்பிட்டியவில் ஆசிரியை. இப்போது அக்காவும் அத்தானும் அவளோடுதான் இருக்கிறார்கள். அது குளமும் வாய்க்காலும் நெல்லுமான ஊர். சின்னக் கொக்குகளுக்குக் குறைவில்லை. கையில் தொலைபேசி வந்த பிறகு அவருக்கு என்னைப் பிடிப்பது சுலபமாகிவிட்டது. பத்திரிகை அச்சுக்குப் போகும் நேரம் பார்த்துத்தான் அழைப்பார். வாய்க்காலில் இன்றைக்கு மஞ்சள் இரண்டு, பறந்தன, கறுப்பு இருந்தது என்று அறிக்கை கொடுத்துவிட்டு வைத்துவிடுவார்.

போன மாதம் ஒரு மாலை அழைத்தபோது குரல் தாழ்ந்திருந்தது. குளக்கரையிலிருந்து பேசுகிறார் என்று தெரிந்தது. நாணலுக்குள் புதிதாக ஒன்று நிற்கிறது, அதே வாகு, கொஞ்சம் பெரிது, உடம்பெல்லாம் கறுப்பு, கழுத்தோரம் மட்டும் மஞ்சள் என்றார். பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது: "டிரையர்ல போயி வந்துருச்சுன்னு சொல்லுங்க. தம்பி எழுதிக்கட்டும்." எனக்கு அதன் பெயர் தெரியும், கருங்குருகு. அத்தனை வருடத்தில் நானும் கொஞ்சம் படித்திருந்தேன். சொல்ல வாயெடுத்தேன்.

"ஒண்ணும் சொல்லாதீங்க மச்சான், ஒண்ணும் எழுதவும் வேணாம்" என்றார். "அது இன்னும் பறக்கல."

பிறகு தொலைபேசியை அணைக்காமலே கீழே வைக்கும் சத்தமும், தூரத்தில் யாரோ இரண்டு கையையும் சேர்த்து ஓங்கித் தட்டும் சத்தமும் கேட்டன.